ஆம்ப்ரோஸுக்கு மூடிய வாசல்

நெதர்கோம் ஊரில் யாருக்கும் ராஜாக்களின் வரிசை ஒழுங்காகத் தெரியாது. ‘ஏழு நட்சத்திரம்’ என்ற பப்பை, அதாவது ஊர் மதுக்கடையை, நடத்தியவர்களின் வரிசையைக் கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்கள். ஆளுக்கு ஒரே ஒரு வாக்கியம். அதுவும் அவருடைய குறையைப் பற்றித்தான் இருக்கும்; நல்லது செய்தவரை எவன் ஞாபகம் வைத்துக்கொள்கிறான்?

முதலில் நடத்திய ஜோனஸ் பிம் செருப்புத் தைக்கிறவர், அவர் காலத்து பீரில் தோல் வாடை அடித்ததாம். பின்னால் வந்த திரேல் செத்துப் பதினோரு வருஷம் ஆகியும் வாசல் பலகையில் அவர் பெயரே இருந்தது. கடையை நடத்தியது பெண்டாட்டி. அவள் பெயருக்கு உரிமம் எழுதித்தர நீதிபதிகளுக்கு மனசு வரவில்லை. இன்னொருவர் குதிரைக்குக் குடிக்கப் பழக்கினார். வேறொருவர் திடீரென்று பைபிளில் இறங்கி, குடிக்க வருகிறவனிடமெல்லாம் “இது உனக்கு அவசியமா?” என்று கேட்டு, ஏழே மாதத்தில் கடையைக் காலி செய்தார்.

1977-ஆம் வருஷம் அந்த வரிசையில் கடைசியாக நின்றவர் டெனிஸ் ஹக்கபி. பதின்மூன்று வருஷமாக அவர்தான் கடைக்காரர். ஆள் பருமன், குரல் அதைவிடப் பருமன். எதைச் சொன்னாலும் கண் காது மூக்கு வைத்துச் சொல்லுவார். அதனால்தான் ராணி பட்டமேறிய இருபத்தைந்தாவது ஆண்டு விழாவுக்கு ஊர்க்கமிட்டி கூடியபோது, பப்பின் சரித்திரத்தை எழுதி விழா மதியம் எல்லோர் முன்னாலும் வாசிக்கும் வேலையை அவர் தலையில் கட்டினார்கள். கட்டினார்கள் என்ன, அவரே தலையை நீட்டினார்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வருகிற கடைக்காரரிடம் பழையவர் சாவியைக் கொடுக்கும்போது நிலவறையைச் சுற்றிக் காட்டுவார். எந்தப் படி ஆடும், எந்தக் குழாய் ஒழுகும் என்று சொல்வார். கடைசியாக, யார் யாருக்கு வாசல் மூடியிருக்கிறது என்று சொல்வார். ஏன் மூடியது என்று கேட்பது மரியாதை இல்லை. மூடிய கடைக்காரர்தான் திறக்கவேண்டும். ஆளை அனுப்பி ‘வரச் சொல்லு’ என்பார். மூடப்பட்டவன் தானாக வந்து கேட்டால் கெஞ்சியதாக ஆகிவிடும். அங்கே கெஞ்சுவதைவிடச் சாவது மேல் என்று நினைக்கிறவர்கள்தான் எல்லோரும்.

டெனிஸுக்குச் சாவி கொடுத்த சிட் கிரப், கதவருகே வந்தபின் நினைவு வந்தவர்போல் சொன்னார்:

“ஒரே ஒரு ஆளு. வேலி கட்டுற ஆம்ப்ரோஸ் ஸ்கட். பெர்சி லாக் காலத்துல மூடினது. அவருக்கப்புறம் கடை நடத்தின கேப்டனும் திறக்கல, நானும் திறக்கல.”

டெனிஸ் தலையாட்டினார். அவ்வளவுதான்.

பெர்சி லாக் 1946-இலேயே இறந்துவிட்டார். செத்தவர் மூடிய வாசலைத் திறக்க யாருக்கு உரிமை? ஆகவே முப்பத்தொரு வருஷமாக ஆம்ப்ரோஸ் அந்தக் கதவுக்கு உள்ளே கால் வைத்ததில்லை. அவர் மனைவி ஐவி மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்ததும் மற்றப் பெண்களோடு வந்து ஒரு சின்ன கிளாஸ் ஷெர்ரி ஒயின் குடித்துவிட்டுப் போவாள். அதுவரை ஆம்ப்ரோஸ் எதிர்ப்பக்கம் எலுமிச்சை நிறப் பூப்பூக்கும் ஒரு பெரிய மரத்தடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார். மழை பெய்தால் தொப்பியைப் போட்டுக்கொள்வார்.

கோடையில் வெளியூர்க்காரர்கள் வந்தால் டெனிஸுக்குக் கொண்டாட்டம். ஜன்னல் வழியே காட்டுவார். “அதோ போறாரே, அவரு உள்ள வரக்கூடாது. பழைய கடைக்காரரோட ஒரு தகராறு. தகராறு நடந்த பத்தாம் நாள் கடைக்காரர் போய்ச் சேர்ந்துட்டார். நான் ஒண்ணும் சொல்லல, நீங்களே புரிஞ்சுக்குங்க.” வந்தவர்கள் கண்ணை விரித்து இன்னொரு சுற்று வாங்குவார்கள். இரண்டாவது கோடையில் அந்தக் கதையில் அடிக்க ஒரு கை ஓங்கியது. நாலாவது கோடையில் ஒரு கத்தி வந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது என்று டெனிஸையே கேட்டாலும் சொல்லத் தெரியாது.

சரித்திரம் எழுத உட்கார்ந்தபோது பெர்சி லாக்கைப் பற்றி மட்டும் ஊரில் சரியான வாக்கியம் கிடைக்கவில்லை. வால்ட் பின்னக்கைக் கேட்டார். வால்ட் ஓய்வுபெற்ற தபால்காரர்; பப்பின் மூலை நாற்காலி அவருடையது. “நல்ல மனுஷன்தான், கொஞ்சம் முன்கோபி” என்று மட்டும் சொல்லி மீசையைத் துடைத்துக்கொண்டார். பெர்சியின் மனைவி உயிரோடு, பன்னிரண்டு மைல் தள்ளிச் சந்தை ஊரில் முதியோருக்கான தரும வீடு ஒன்றில் இருப்பதாகத் தெரிந்தது. செவ்வாயும் வெள்ளியும் பஸ் உண்டு. டெனிஸ் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையை மூடிவிட்டுக் கிளம்பினார்.

திருமதி லாக்குக்கு எண்பத்தெட்டு வயது. காது கணீரென்று கேட்டது. கூண்டுக்கிளிக்குத் தினை போட்டுக்கொண்டே பேசினார்.

“பெர்சிக்குக் கோவம் மூக்குமேல ராசா. ஆனா அரை மணி நேரத்துல இறங்கிடும். அதையே எழுதிக்க.”

“அப்படின்னா ஆம்ப்ரோஸ் விஷயத்துல மட்டும் ஏன் இறங்கவே இல்ல?”

“எந்த ஆம்ப்ரோஸ்? வேலிக்காரனா? ஐயோ, அதுவா!” கிழவி சிரித்தார். “பீர் ஆலையிலேருந்து பெரிய ஆளு வந்து உக்காந்திருக்கான். அந்த நேரம் பார்த்து ஆம்ப்ரோஸ் கிளாஸைத் தூக்கிப் பார்த்துட்டு, ‘பெர்சி, பீர் கலங்கலா இருக்கே’ன்னுட்டான். கலங்கல்தான்! நிலவறைக் கதவை மூடாம சூடு ஏறவிட்டது இவர்தானே. குட்டு வெளிப்பட்டுச்சுன்னு கோவம். ‘பதினாலு நாள் இந்தப் பக்கம் தலைகாட்டாதே’ன்னார். மறுநாளே எங்கிட்ட, ‘பாவம்டி, அவன் சொன்னது நெசம்தான்’ன்னார். அப்புறம் என்னாச்சு... வயித்துவலி வந்து, பத்தாம் நாள் ஆஸ்பத்திரியில போயிட்டார்.”

டெனிஸ் எழுதிக்கொண்டிருந்த பென்சில் நின்றுவிட்டது.

“பதினாலு நாளா?”

“ஆமா. ஏன், அவன் வர்றதில்லையா? நல்ல பையனாச்சே.”

வருவதில்லை என்று டெனிஸ் சொல்லவில்லை. “வயசாயிடுச்சுல்ல” என்று எதையோ முணுமுணுத்துவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டார்.

திரும்புகிற பஸ்ஸில் அவருக்குக் கத்தி ஞாபகம் வந்தது. கத்தியைச் சொல்லும்போது தான் குரலைத் தாழ்த்துகிற விதம் ஞாபகம் வந்தது. அதையெல்லாம்விட மோசமான ஒன்றும் ஞாபகம் வந்தது.

ஆறு வருஷத்துக்கு முன்னால், ஒரு பிப்ரவரியில், ஐவி இறந்தாள். அடக்கம் முடிந்து ஊரே பப்புக்குத்தான் வந்தது. அங்கே அதுதான் முறை. டெனிஸின் மனைவி மேவிஸ் பன்றித்தொடை இறைச்சியைச் சீவிச் சீவி ரொட்டிக்குள் வைத்தாள். பெண்டாட்டியைப் புதைத்துவிட்டு வந்த மனுஷன் முற்றத்து வாசலில் நின்றார். பனி தூறிக்கொண்டிருந்தது. டெனிஸ் ஒரு தட்டும் ஒரு கிளாஸ் பீரும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். “இங்கயே வச்சுச் சாப்பிடுங்க ஆம்ப்ரோஸ், கரிக்கொட்டகை ஓரம் காத்து அடிக்காது” என்றார். ஆம்ப்ரோஸ் நன்றி சொன்னார். ஒரு வாய் கடித்துவிட்டு, கிளாஸை ஜன்னல் விளிம்பில் தொடாமல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உள்ளே அவர் மனைவிக்காக எல்லோரும் கிளாஸை உயர்த்தினார்கள்.

அதைத் தன் பெருந்தன்மைக்கு உதாரணமாக இத்தனை வருஷம் டெனிஸ் சொல்லிவந்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. பதின்மூன்று வருஷமாக ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இந்த பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

மேவிஸிடம் சொன்னார். அவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தாள்.

“போய்ச் சொல்லுங்க.”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான். இத்தனை நாள் ஊருக்கெல்லாம் சொன்னீங்களே, அதே வாய்.”

இரண்டு நாள் இழுத்தடித்துவிட்டு மூன்றாம் நாள் மத்தியானம் போனார். ஆம்ப்ரோஸ் வீட்டுப் பின்னால் பட்டாணிக் கொடிக்குக் குச்சி நட்டுக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதிலும் முதுகு வளையவில்லை. நட்ட குச்சியெல்லாம் ஒரே உயரம்.

வழியெல்லாம் டெனிஸ் ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தார். ‘தப்பு எங்களோடது’ என்று அது ஆரம்பிக்கும். வேலிக்கதவைத் திறந்ததும் வாயிலிருந்து வேறு ஒன்று வந்துவிட்டது.

“ஆம்ப்ரோஸ், ராணியம்மா விழா வருதுல்ல. அதை முன்னிட்டு, பழசையெல்லாம் மறந்துடலாம்னு... உங்களை மன்னிச்சு வாசலைத் திறந்துடலாம்னு முடிவு பண்ணியிருக்கேன்.”

சொல்லி முடிப்பதற்குள்ளேயே தன் குரல் தனக்கே அருவருப்பாக இருந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறோம் என்று தெரிந்தது. தெரிந்தும் முகத்தில் ஒரு சிரிப்பை வைத்துக்கொண்டு நின்றார்.

ஆம்ப்ரோஸ் கையிலிருந்த குச்சியை நட்டு, ஆட்டிப் பார்த்தார்.

“மன்னிப்பா? எதுக்கு?”

“அது... அந்தப் பழைய விஷயம்...”

“எந்த விஷயம்ப்பா? சொல்லேன். எல்லாருக்கும் தெரியுது, எனக்குத்தான் தெரியல. கத்தியெல்லாம் இருந்துச்சாமே. சந்தையில ஒரு பொண்ணு என்னைப் பார்த்துட்டுப் புள்ளைய இழுத்துக்கிட்டுப் போனா.”

டெனிஸின் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை. “திருமதி லாக்கைப் பார்த்தேன்” என்றார். “பதினாலு நாள்னு சொன்னாங்க.”

“ஆமா, பதினாலு நாள். எனக்கு எண்ணத் தெரியும்.”

“தெரியுமா உங்களுக்கு? அப்புறம் ஏன் ஒரு வார்த்தை சொல்லல?”

“பதினஞ்சாம் நாள் வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு வந்தேன். மூணு நாள் முன்னாடிதான் பெர்சியைப் புதைச்சிருந்தாங்க. பீர் ஆலைக்காரங்க உடனே அனுப்பிவச்ச கேப்டன் வாசல்ல நின்னார். ‘உனக்கில்லை’ன்னார். துக்கம், இப்போ பேசக்கூடாதுன்னு திரும்பிட்டேன். யாராவது சொல்லி அனுப்புவாங்கன்னு இருந்தேன். கிறிஸ்துமஸ் வந்துச்சு. அப்புறம் கேக்கறதுக்கு வெக்கமாப் போச்சு. ஒரு வருஷம் போனப்புறம் இன்னும் வெக்கம். பத்து வருஷம் போனப்புறம் போய், ‘எனக்குப் பதினாலு நாள்தான் போட்டாங்க’ன்னு நின்னா, பைத்தியக்காரன்னுல்ல சிரிப்பானுங்க?”

டெனிஸ் தொப்பியைக் கழற்றினார். எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியாது.

“நான் வெளியில நின்னதப் பத்தி ஒண்ணுமில்ல” என்றார் ஆம்ப்ரோஸ். “வீட்லயும் பீர் குடிக்கலாம். ஐவிதான். வருஷத்துக்கு ஒரு தரமாவது கேப்பா, ‘பெர்சியை என்ன பண்ணினீங்க?’ன்னு. பீர் கலங்கலா இருக்குன்னு சொன்னேன், அவ்வளவுதான்னு சொல்லுவேன். அதுக்காகவா ஒரு மனுஷனை இருபது வருஷம் வெளியில நிறுத்துவாங்க? எவ நம்புவா? ‘சரி, சொல்ல வேணாம், விடுங்க’ன்னுடுவா. சாகறதுக்கு மொதநாள் சாயங்காலமும் கேட்டா. அதையேதான் சொன்னேன். ‘சரி, விடுங்க’ன்னு அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இங்கே பாவம் தன் பெயரைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டிக்கொண்டு பதின்மூன்று வருஷம் உட்கார்ந்திருந்தது. “நான் கேட்டிருக்கணும்” என்றார். “அன்னைக்கு அந்தக் கரிக்கொட்டகை ஓரத்துல... ஆம்ப்ரோஸ், நான்...”

“அந்த இறைச்சி நல்லாத்தான் இருந்துச்சு” என்றார் ஆம்ப்ரோஸ். வேண்டுமென்றே குத்துகிறாரா, ஆறுதலுக்குச் சொல்கிறாரா என்று புரியாத குரல்.

“விழாவுக்கு வாங்க. எல்லார் முன்னாடியும் சொல்றேன். கத்தி, கித்தி எல்லாம் நான் விட்ட சரடுன்னு சொல்றேன்.”

“நான் வரல. உள்ள வந்து எந்தப் பக்கம் நிக்கிறதுன்னுகூட எனக்குத் தெரியாது. நீ சொல்றதா இருந்தா சொல்லு.” குனிந்து அடுத்த குச்சியை எடுத்தார். “காதால கேக்கவேண்டியவ இப்போ இல்ல. அவ்வளவுதான்.”

விழா மதியம் ஊர்த் தெரு முழுக்க மேஜை போட்டு, கொடி கட்டியிருந்தார்கள். ஒரு மணிக்கு மழை வந்து எல்லோரையும் பப்புக்குள் விரட்டிற்று. நிற்க இடமில்லை. டெனிஸ் கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு பீர்ப்பெட்டிமேல் ஏறி நின்று தாளை விரித்தார். மேவிஸ் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

ஜோனஸ் பிம்முக்குச் சிரித்தார்கள். திரேலின் பெண்டாட்டிக்குக் கைதட்டினார்கள். குதிரைக்கு மேஜையைத் தட்டினார்கள். பெர்சி லாக் பெயர் வந்ததும் டெனிஸ் தாளை மடித்துவிட்டார், அதற்குமேல் எழுதிவைக்கவில்லை. பீர் கலங்கியதைச் சொன்னார், பதினாலு நாளைச் சொன்னார். கேப்டனை, சிட் கிரப்பைச் சொல்லிவிட்டுத் தன்னிடம் வந்தார். “டெனிஸ் ஹக்கபி. பதின்மூணு வருஷம் ஒரு தடவைகூட ஏன்னு கேக்கல. கேக்காதது போதாதுன்னு கத்தியைச் சேர்த்துக் கதை வித்தான். பெண்டாட்டியைப் புதைச்சுட்டு வந்த ஆளை முற்றத்துல நிக்கவச்சுச் சாப்பாடு போட்டான். இதுதான் என்னோட வாக்கியம். நீங்க யாராவது இதைவிடச் சுருக்கமாச் சொல்லமுடிஞ்சா சொல்லுங்க.”

எல்லோரும் தங்கள் கிளாஸைப் பார்த்தார்கள். ஊர் அதிர்ந்துபோய்விட்டது என்று டெனிஸ் நினைத்தார். நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. அதற்கு அவர் ஆசைப்பட்டிருக்கக் கூடாது.

மூலை நாற்காலியிலிருந்து வால்ட் தொண்டையைச் செருமினார்.

“பதினாலு நாள்தான். எங்களுக்குத் தெரியுமே.”

“என்ன?”

“அன்னைக்கு நான் இங்கதான உக்காந்திருந்தேன். இதோ, இந்த ஜார்ஜும் இருந்தான், அதோ அந்த ரெண்டு பேரும் இருந்தாங்க. பெர்சி கத்தினது தெரு முனை வரைக்கும் கேட்டுச்சு.”

“தெரிஞ்சா... தெரிஞ்சா ஏன் சொல்லல?”

வால்ட் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். “நீ கேக்கலயே, டெனிஸ். கேப்டனும், ‘இவன் பெர்சி மூடின ஆளா?’ன்னுதான் கேட்டார். ஆமான்னோம். கடைக்காரர் வாசல், கடைக்காரர் விவகாரம். நடுவுல பூந்து நாம பேசறது நல்லாவா இருக்கும்?”

“நான் கத்தின்னு சொன்னப்போ? அப்போகூடவா?”

“நீ நல்லாச் சொல்லுவ. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டோம்.” நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அவர்களில் கெட்டவன் என்று ஒருவனைக்கூடச் சொல்லமுடியாது. பக்கத்து வீடு பற்றி எரிந்தால் முதலில் ஓடுகிறவர்கள்.

டெனிஸுக்கு அதற்குமேல் கேட்கப் பயமாக இருந்தது. ஆனாலும் கேட்டார்.

“ஐவி? ஐவி யாரையாவது கேட்டாளா?”

வால்ட் கொஞ்சம் யோசித்தார்.

“ஒரு தரம் கேட்டா. கேப்டன் காலம். இதோ, நீ இப்போ நிக்கிறியே, அதுக்கு இந்தப் பக்கம் நின்னா. ‘வால்ட், நீங்க தினம் எங்க வீட்டுக்குத் தபால் கொண்டுவர்றவர், உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் பெர்சியை என்னதான் பண்ணினார்?’னு கேட்டா. நான் என்ன சொல்றது? ‘அதை உன் வீட்டுக்காரர்கிட்டயே கேளும்மா’ன்னுட்டேன்.”

மேவிஸ் சமையல் ஏப்ரனை அவிழ்த்துக் கவுன்ட்டர்மேல் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லோரையும் வெளியே போங்கள் என்று சொல்ல டெனிஸுக்கு வாய்வரை வந்தது. எவனும் இந்த வாசலை மிதிக்காதீர்கள் என்று கத்தவேண்டும் போலிருந்தது. அப்படிக் கத்துகிற யோக்கியதை அந்த அறையில் யாருக்கு இருந்ததோ, தனக்கு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. பெட்டியிலிருந்து இறங்கினார்.

வெளியே மழை விட்டு, வாத்தியக்காரர்கள் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். வால்ட் எழுந்துவந்து காலிக் கிளாஸைக் கவுன்ட்டர்மேல் மெல்லத் தள்ளினார்.

“சரி, நடந்தது நடந்துபோச்சு. இன்னொண்ணு ஊத்துப்பா.”

டெனிஸ் ஊற்றினார். அவருக்குப் பின்னால் நின்றவருக்கும் ஊற்றினார். கை பாட்டுக்கு வேலை செய்தது. நிமிர்ந்து ஒரு முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.